ஹெராயின் இல்லாமல் ‘டர்ட்’ வந்திருக்காதா? ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவைப் பற்றி ஒரு கேள்வி

பழைய கேசட்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்கு வயது 19. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி நண்பர்கள் மூவரோடு சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருக்கிறான். கிட்டார் நன்றாகவே வாசிக்கிறான். சென்ற வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஆலிஸ் இன் செயின்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘டர்ட்’ ஆல்பத்தை இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம். அது 1992 செப்டம்பரில் வெளிவந்தது. எனக்கு அது விடுதி அறைத் தோழன் பதிவு செய்து கொடுத்த கேசட்டாகத்தான் கிடைத்தது; பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் அவன் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பாட்டு வரிசை இன்றும் அழியாமல் இருக்கிறது.

கேட்டு முடித்ததும் பையன் ஒரு வாக்கியம் சொன்னான். “ஹெராயின் இல்லையென்றால் இந்த ஆல்பமே இல்லை, மாமா. ஒழுங்காக இருந்தவர்கள் யாராவது இப்படி ஒன்று செய்திருக்கிறார்களா?” அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. பல நாள் யோசித்து வைத்திருந்ததை என்னிடம் சொல்லிப் பார்க்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் ஏதோ பொதுவாக அறிவுரை சொல்லத் தொடங்கினேன்; அவன் மரியாதைக்காகத் தலையாட்டினான்; பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதுதான் என் சங்கடம். அந்த ஆல்பத்தின் பின்பாதியில் பெரும்பாலும் ஊசிக்கு அடிமையான ஒருவன் தன் நிலையைத் தானே சொல்லும் பாடல்கள்தாம். பாடகர் லேன் ஸ்டேலி அவற்றைக் கற்பனை செய்து எழுதவில்லை, அனுபவித்து எழுதினார். அதே பழக்கத்தால் 2002 ஏப்ரல் 5 அன்று, 34 வயதில், சியாட்டிலில் தன் வீட்டில் தனியாக இறந்தார். அவர் இறந்ததே வெளியுலகுக்குத் தெரியவில்லை. அவருடைய கணக்கிலிருந்து இரண்டு வாரமாகப் பணம் எடுக்கப்படவில்லை என்பதைக் கணக்கர்கள் கவனித்துச் சொன்ன பிறகு, ஏப்ரல் 19 அன்று காவல் துறையினர் கதவைத் திறந்து பார்த்தார்கள். அப்போது அவருடைய உடலின் எடை 39 கிலோ. இத்தனைக்குப் பிறகும் அந்தக் குழு இன்றைக்கும் இருக்கிறது, புதிய ஆல்பங்கள் தருகிறது, 19 வயதுப் பையன் ஒருவன் அதைக் கேட்டுக் கண் கலங்குகிறான்.

ஆகவே உங்களிடம் இரண்டு கேள்விகள். அந்த இசையின் ஆழத்துக்கு உண்மையிலேயே போதைதான் காரணமா? அந்தக் குழு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நிற்பதற்கு அந்த மரணம் ஒரு காரணமா, இல்லையென்றால் வேறு எது? பையனிடம் மறுபடி பேசப் போகிறேன். இம்முறை அறிவுரையோடு போக எனக்கு விருப்பமில்லை.

ஆறாம் தந்தி:

நண்பர் பழைய கேசட் அவர்களுக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாகக் கிட்டார் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில், உங்கள் மருமகன் சொன்ன அதே வாக்கியத்தை நான் பல மாணவர்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் அறிவுரையோ ஒழுக்கமோ பேசுவதில்லை. இசைக்குள்ளேயே அழைத்துக்கொண்டு போய்விடுவேன். பதில் அங்கேதான் இருக்கிறது.

ஆலிஸ் இன் செயின்ஸின் ஒலியை நிர்மூலமாக்க வேண்டுமென்றால் எதை எடுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கிட்டாரின் கனத்தை எடுத்தால்கூட ஓரளவு அடையாளம் மிஞ்சும். 1994 ஜனவரியில் வந்த அவர்களுடைய ‘ஜார் ஆஃப் ஃப்ளைஸ்’ தொகுப்பு பெரும்பாலும் மென்மையான கிட்டாரில் அமைந்தது, அதிலும் அந்தக் குழுவை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். எடுக்க முடியாதது இரண்டு குரல்களின் இணைப்பு. ஸ்டேலியும், கிட்டார் வாசிக்கும் ஜெர்ரி கான்ட்ரெலும் ஒரே வரியை வெவ்வேறு சுரங்களில் சேர்ந்து பாடுகிறார்கள். வழக்கமான ராக் பாட்டில் இரண்டாம் குரல் முதல் குரலுக்கு மெருகு போடும். இங்கே இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகின்றன; எது முதல் குரல், எது துணைக் குரல் என்று பிரிக்க முடியாத இடங்கள் நிறைய உண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கவனித்தால் ஸ்டேலியே தன் குரலைப் பல அடுக்குகளாகப் பதிவு செய்திருப்பதும் புரியும். ஒரு அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கு அச்சு அசலாக உட்கார வேண்டுமென்றால், சுரமும் மூச்சும் சொல் முடியும் இடமும் இம்மியும் பிசகக் கூடாது. அது துல்லியமான கைவேலை.

‘டர்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘தெம் போன்ஸ்’ ஏழு எண்ணிக்கையில் நடப்பது. நமக்கு மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளம் பழக்கம் என்பதால் ஏழு பெரிதாகத் தோன்றாது. ஆனால் நாலிலேயே வளர்ந்த ராக் காதுக்கு அது கால் தடுக்கும் படிக்கட்டு. அந்த ஏழிலிருந்து பல்லவிக்கு நாலாக மாறி, மறுபடி ஏழுக்குத் திரும்புகிறார்கள், தடுமாற்றமே தெரியாது. அதை எழுதியவர் கான்ட்ரெல். அந்தக் குழுவின் இசையமைப்பில் பெரும்பங்கு அவருடையது என்பதை ஸ்டேலியின் சோகக் கதையில் மூழ்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பாடல்களின் பொருளையும் பாருங்கள். அதே ‘டர்ட்’ ஆல்பத்தில் ‘ரூஸ்டர்’ இருக்கிறது. வியட்நாம் போரில் சண்டையிட்டுத் திரும்பிய தன் தந்தையைப் பற்றிக் கான்ட்ரெல் எழுதியது. தந்தையின் பட்டப்பெயர்தான் அந்தத் தலைப்பு. அந்தப் பாட்டில் ஹெராயின் எங்கே இருக்கிறது? தன் வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள முயன்ற மகன் இருக்கிறார். கடைசிப் பாட்டான ‘உட்’, 1990 மார்ச்சில் ஹெராயினால் இறந்த சியாட்டில் பாடகர் ஆண்ட்ரூ வுட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது போதையின் பாட்டு இல்லை, நண்பனைப் பறிகொடுத்தவரின் பாட்டு. கான்ட்ரெல் தன் தாயை இழந்தது 1987இல், அவருக்கு 21 வயதாக இருந்தபோது. இத்தனை இழவும் இருக்கும்போது, அந்த இசையின் துயரத்துக்கு ஹெராயினை மட்டும் ஊற்றுக்கண்ணாகச் சொல்வது அந்த மனிதர்களின் வாழ்க்கையைச் சுருக்கிவிடுவதாகும்.

கடைசியாக ஒரு கணக்கு. மருமகனிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, ஸ்டேலி பாடியவற்றை ஆண்டு வாரியாக எழுதச் சொல்லுங்கள். 1990இல் முதல் ஆல்பம். 1992இல் ஒரு சிறு தொகுப்பும் ‘டர்ட்’டும். 1994இல் ‘ஜார் ஆஃப் ஃப்ளைஸ்’. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்த முதல் சிறு தொகுப்பு அதுதான், அதை ஏறக்குறைய ஒரே வாரத்தில் எழுதிப் பதிவு செய்து முடித்தார்கள். 1995இல் மேட் சீசன் என்ற வேறொரு குழுவோடு ஓர் ஆல்பம். அதே ஆண்டு நவம்பரில் சொந்தக் குழுவோடு மூன்றாவது முழு ஆல்பம். இந்த மூன்றாவது ஆல்பத்தின் பதிவு மட்டும் பல மாதங்கள் இழுத்தது. 1996 ஜூலை 3 அன்று கேன்சஸ் சிட்டியில் அவர் குழுவோடு கடைசியாக மேடையேறினார். அதன் பிறகு 2002 வரை, ஏறக்குறைய ஆறு ஆண்டுகளில், குழுவோடு அவர் பதிவு செய்த புதிய பாடல்கள் இரண்டு. இரண்டே இரண்டு. ஹெராயின் பாட்டைத் தரும் என்றால், அது அவரை முழுதாக ஆட்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அல்லவா பாட்டு கொட்டியிருக்க வேண்டும்?

வடக்கு வீதி:

ஆறாம் தந்தி அவர்களின் கணக்கு வலுவானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் அளவுக்கு மீறி ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ‘டர்ட்’டில் ‘ஜங்க்ஹெட்’ முதல் ‘ஆங்ரி சேர்’ வரை வரும் பாடல்களை ஹெராயினை அறியாத ஒருவர் எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடக்கத்தில் ஒருவிதப் பெருமிதத்தோடு பேசும் குரல், பாட்டுக்குப் பாட்டு இறங்கி, கடைசியில் தன்னைத் தானே அருவருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. உள்ளே இருந்தவருக்கு மட்டுமே தெரியும் வழி அது. பையன் அந்த உண்மையைத்தான் கேட்டிருக்கிறான்; அவன் காது பொய் சொல்லவில்லை. அவன் தவறு செய்வது அடுத்த படியில்தான். தீ விபத்தில் சிக்கியவர் எழுதிய ஒரு கட்டுரை உலுக்கிவிட்டது என்பதற்காகத் தீயை எழுத்தாளர் என்று சொல்லமாட்டோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மரணம் விற்கிறது. நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் இறந்த அதே ஏப்ரல் 5, எட்டு ஆண்டுகள் கழித்து ஸ்டேலி இறந்த நாளாகவும் குறிக்கப்பட்டதை வைத்து எத்தனை கட்டுரைகள், எத்தனை சுவரொட்டிகள், எத்தனை பனியன்கள் வந்தன என்று பாருங்கள். இதை முன்கூட்டியே அஞ்சியவர் ஸ்டேலியேதான். ஹெராயின் பெரிய விஷயம் என்று ரசிகர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதே தன் எண்ணமாக இருந்தது என்றும், ஆனால் தாங்கள் போதையில் இருப்பதாகத் தன்னிடமே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ரசிகர்களைப் பார்க்க நேர்ந்தது என்றும், எது நடக்கக் கூடாது என்று விரும்பினாரோ அதுவே நடந்துவிட்டது என்றும் 1996இல் ரோலிங் ஸ்டோன் இதழுக்கு அளித்த நேர்காணலில் வருந்தியிருக்கிறார். பழைய கேசட் அவர்களே, உங்கள் மருமகனிடம் வேறு எதையும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். அவன் இவ்வளவு நேசிக்கும் அந்தப் பாடகர் அவனுடைய வாக்கியத்தைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருக்க மாட்டார்.

இராப்பணி:

நான் கனடாவில் ஒரு வைத்தியசாலையின் போதை மீட்புப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் இரவுப் பணி. இசையின் நுட்பங்களைப் பற்றிக் கதைக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் “அது இல்லாமல் வாசிக்க முடியாது” என்ற வாக்கியத்தை மிகவும் நெருக்கத்தில் கேட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் மதுக்கூடங்களில் டிரம்ஸ் வாசிக்கும் ஒருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் வாரம் அவருடைய கைகள் ஒரு கோப்பைத் தேநீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகும் நிலையில் இல்லை. இரண்டாம் வாரம் என்னிடம் இரண்டு பென்சில்கள் கேட்டு வாங்கி, தலையணையை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினார். போதை இருந்தால்தான் தனக்குத் தாளம் நிற்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு நாள் இரவு, பழைய நிகழ்ச்சிகளின் பதிவுகள் தன் கைபேசியில் இருப்பதாகச் சொல்லி, எனக்குக் காட்டுவதற்காகப் போட்டார். காட்ட வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தது அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த இரவு என்று அவர் நம்பிய ஒன்று. அரை நிமிடம் ஓடியிருக்கும். தலையணையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பாட்டு தொடங்கிய வேகம் ஒன்று, போய்க்கொண்டிருந்த வேகம் வேறொன்று. கிட்டார்காரர் அவரைத் துரத்திப் பிடிக்கப் பாடுபடுவது எனக்கே கேட்டது. அவர் மறுபடி முதலிலிருந்து போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நான் இப்படியா வாசித்தேன்?” என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. போதை அவருடைய வாசிப்பை உயர்த்தியிருக்கவில்லை. வாசிப்பு எப்படி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் அவருடைய செவியைத்தான் மயக்கி வைத்திருந்தது. உங்கள் மருமகன் கேட்கும் ஆல்பத்தில் அந்தத் தீர்ப்பைச் சொல்ல ஒலிப்பதிவாளரும் தயாரிப்பாளரும் மற்ற மூன்று இசைஞர்களும் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அவர் மறக்கக் கூடாது.

ஸ்டேலி இறந்தது ஹெராயினையும் கொக்கெயினையும் சேர்த்து எடுத்ததால். இந்தக் கலவை ஏன் இவ்வளவு கொடியது என்பது இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெராயின் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தமாக்கும். கொக்கெயின் எதிர்த்திசையில் உடலை முடுக்கும். ஒன்று மற்றதைச் சமன் செய்வதுபோல எடுத்தவருக்குத் தோன்றும். ஆனால் கொக்கெயினின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும், ஹெராயின் அதற்குப் பிறகும் உடலில் நின்று மூச்சை அமர்த்தும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நாலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்து அந்த மூச்சைத் திருப்பலாம். தனியாக இருந்தால் அதற்கு வழியில்லை. இன்னொரு ஆபத்து, சில வாரம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி தொடங்குவது. அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை உடல் அதற்குள் இழந்திருக்கும். மெதடோன், புப்ரெனோர்ஃபின் போன்ற மருந்துகளை வைத்தியர் மேற்பார்வையில் நீண்ட காலம் கொடுத்துப் பலரை நாங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். இது மனவுறுதி இல்லாதவர்களின் நோய் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இசைக்கலைஞர்கள் 27 வயதில் இறப்பது விதி என்பதுபோல ஒரு கதை உண்டு. 1956 முதல் 2007 வரை பிரித்தானியாவில் முதலிடம் பெற்ற ஆல்பங்களைத் தந்த 1,046 இசைக்கலைஞர்களை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வொன்று 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 27 வயதில் தனியான உச்சம் எதுவும் இல்லை. புகழ் பெற்றவர்களுக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஆபத்து கூடுதலாக இருக்கிறது என்பதே அதில் தெரிந்தது. ஒரு வயதில் மாயம் இல்லை. பத்து இருபது ஆண்டுகள் நீளும் ஆபத்து இருக்கிறது, அந்த நீளம் முழுவதிலும் உதவி செய்ய வாய்ப்பும் இருக்கிறது.

பழைய கேசட்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இராப்பணி அவர்கள் எழுதிய அந்தக் கைபேசிப் பதிவை நான் இரண்டு முறை படித்தேன். ஆறாம் தந்தி அவர்கள் சொன்னபடி பட்டியலை நானே முதலில் எழுதிப் பார்த்தேன். 1996க்குப் பிறகு தாளில் விழும் வெற்றிடம் கண்ணை உறுத்துகிறது. என் இரண்டாம் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் முழுமையாகவில்லை. பாடகர் போன பிறகு அந்தப் பெயர் எப்படி நிலைத்தது?

நெய்தல்:

அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். எனக்கு அது வெறும் இசைக் கேள்வி இல்லை.

பாடகரையோ டிரம்மரையோ போதைக்கும் மதுவுக்கும் பறிகொடுத்த குழுக்கள் வெவ்வேறு வழிகளில் போயிருக்கின்றன. 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பானம் இறந்ததும், அதே ஆண்டு டிசம்பரில் லெட் செப்பலின் குழு தன் முடிவை அறிவித்தது. அதே 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட்டை இழந்த ஏசி/டிசி, ஐந்தே மாதத்தில் பிரையன் ஜான்சனோடு ‘பேக் இன் பிளாக்’ வெளியிட்டது. ஆலிஸ் இன் செயின்ஸ் இந்த இரண்டையும் செய்யவில்லை. ஸ்டேலி உயிரோடு இருந்த கடைசி ஆண்டுகளில் அவருக்கு மாற்று ஆளைத் தேடவில்லை. அவர் போன பிறகும் மூன்று ஆண்டுகள் அந்தப் பெயரில் யாரும் மேடையேறவில்லை.

மறுபடி மேடையேறியது எதற்காக என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் நாகப்பட்டினக் கரையில் ஏறியபோது எனக்கு 14 வயது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு மாதம் ஆவதற்கு முன்பே, 2005 பிப்ரவரி 18 அன்று, சியாட்டிலில் ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. டிரம்மர் ஷான் கின்னி முன்னின்று மற்றவர்களைக் கூட்டினார். கான்ட்ரெலும் பேஸ் கிட்டார்காரர் மைக் ஐனஸும் வந்தார்கள். ஹார்ட் குழுவின் ஆன் வில்சன், டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனன் முதலியோர் ஆளுக்குச் சில பாடல்களாக ஸ்டேலியின் இடத்தில் நின்று பாடினார்கள். கல்லூரிக் காலத்தில் இந்தச் செய்தியைப் படித்தபோது நான் நெடுநேரம் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மேடையேறாமல் இருந்த ஒரு குழு வாய் திறந்த முதல் காரணம் எங்கள் கரையும், இலங்கையும், இந்தோனேசியாவும் பட்ட பாடு.

அந்த இரவுதான் தொடக்கம். அடுத்த ஆண்டு வில்லியம் டுவால் பாட வந்தார். கான்ட்ரெலின் தனி ஆல்பச் சுற்றுப்பயணத்தில் ஏற்கெனவே கூடவே பாடியவர். ஸ்டேலியைப்போலப் பாடிக்காட்ட அவர் முயலவே இல்லை. பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை அவரை ஏற்கவில்லை; அவர்களின் துக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர்கள் 2009இல் வந்த ‘பிளாக் கிவ்ஸ் வே டு புளூ’ ஆல்பத்தைப் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘டர்ட்’ வந்த அதே செப்டம்பர் 29 அன்று, சரியாக 17 ஆண்டுகள் கழித்து அது வெளியானது. ஸ்டேலிக்கு விடைகொடுக்கும் பாட்டு அதன் தலைப்புப் பாட்டு. அதில் பியானோ வாசித்திருப்பவர் எல்டன் ஜான். ஸ்டேலி வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த இசை நிகழ்ச்சி எல்டன் ஜானுடையது. எல்டன் ஜானும் போதையோடு பல ஆண்டுகள் போராடி 1990இல் மீண்டவர். கான்ட்ரெல் 2003இல் மீண்டவர். அந்த விடைகொடுக்கும் பாட்டை நமக்குத் தந்தவர்களில் இருவர் அதே குழியிலிருந்து கரையேறியவர்கள் என்பதை உங்கள் மருமகனுக்குச் சொல்ல வேண்டும். ஒழுங்காக இருந்தவர்கள் யார் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டானே, அவனுக்கு இதுவே என் பதில்.

எல்லோரும் கரையேறவில்லை. குழுவின் முதல் பேஸ் கிட்டார்காரர் மைக் ஸ்டார், ஸ்டேலியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது தான்தான் என்றும், அன்று உதவிக்கு யாரையும் அழைக்காமல் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டதாகவும் சொல்லிப் பல ஆண்டுகள் அழுதவர். அது 2002 ஏப்ரல் 4, ஸ்டாரின் பிறந்த நாள். அவரும் 2011 மார்ச்சில், 44 வயதில் இறந்துவிட்டார். இழப்பு நிகழ்ந்த குழுக்களில் திரும்பி வந்தவர்களையும் பார்க்க வேண்டும். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் 1988இல் ஹில்லல் ஸ்லோவாக்கை ஹெராயினுக்குப் பறிகொடுத்தது. அவர் இடத்துக்கு வந்த ஜான் ஃப்ரூஷியான்டே 1992இல் விலகி, அதே ஹெராயினில் சாவின் விளிம்புவரை போய், பழக்கத்தை விட்டு 1998இல் திரும்பினார். அடுத்த ஆண்டு வந்தது ‘கலிஃபோர்னிகேஷன்’. ஸ்டேலிக்கும் அப்படி ஒரு 1998 கிடைத்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆறாம் தந்தி:

நெய்தல் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒரே ஒரு சேர்க்கை. 1996 ஏப்ரல் 10 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பதிவான, மின்கிட்டார் இல்லாமல் மென்மையாக வாசிக்கும் எம்டிவி அன்ப்ளக்டு நிகழ்ச்சியை மருமகனோடு சேர்ந்து பாருங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சம், ‘நட்ஷெல்’ பாட்டின் கிட்டார் தொடங்கிய பிறகே ஸ்டேலி மேடைக்கு வந்து உட்காருகிறார், இரண்டரை ஆண்டுகளில் அவர்களுக்கு அது முதல் நிகழ்ச்சி. நடுவில் ஒரு பாட்டில் வரி தவறி, பாட்டை நிறுத்தி, மறுபடி தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் மற்ற மூவரின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அழகிய குரல் எப்படி வந்தது என்பதைவிட, அதைத் தாங்கிப் பிடிக்க எத்தனை பேர் வேண்டியிருந்தார்கள் என்பது அங்கே தெரியும்.

பழைய கேசட்:

நேற்று மாலை அவன் வந்திருந்தான். பட்டியலை அவன் கையாலேயே எழுத வைத்தேன். 1998 என்று எழுதி இரண்டு பாட்டைக் குறித்துவிட்டு, அதற்குக் கீழே 1999, 2000, 2001 என்று எண்களை மட்டும் எழுதி வெறுமையாக விட்டான். 2002 வந்ததும் பேனாவை மூடினான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய ரசிகர்களைப் பற்றிச் சொன்னபோது அவன் ஒன்றும் பேசவில்லை. அன்ப்ளக்டு நிகழ்ச்சியை இருவரும் முழுதாகப் பார்த்தோம். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அவர்கள் ஏன் அவரை வீட்டுக்கே போய்ப் பிடித்து இழுத்து வரவில்லை, மாமா?” என்று கேட்டான். பலர் முயன்றார்கள், அவர் கதவைத் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவனுடைய குழு அடுத்த மாதம் கல்லூரி விழாவில் ‘தெம் போன்ஸ்’ வாசிக்கப் போகிறதாம். ஏழில் டிரம்மர் பையன் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணிக்கை முந்திவிடுகிறானாம். ஆறாம் தந்தி அவர்கள் வழி சொன்னால் அவனுக்குக் காட்டுகிறேன்.

ஆறாம் தந்தி:

நால்வரும் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, பாட்டின் வேகத்தில் பாதியில் ஏழு ஏழாகக் கைதட்டட்டும். ஏழாவது தட்டுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவில் இல்லாத எட்டாவதற்காக ஒருவன் காத்திருப்பான், இன்னொருவன் அதற்குப் பயந்து முந்துவான். யார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பல்லவியில் நாலுக்கு மாறும் இடத்தை ஒருவன் வாய்விட்டு எண்ணட்டும். அது பழகிய பிறகு ஒத்திகையைக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேட்கச் சொல்லுங்கள்.